கோத்தகிரி குளிரில் ஹீட்டர் இல்லாமல் மீன் வளர்க்கலாமா? ஜீப்ரா மீனை வைத்து ஒரு பதில்

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். டிசம்பரில் மேட்டுப்பாளையம் போனபோது 60 லிட்டர் தொட்டி ஒன்றும், அதில் விட நாலு ஏஞ்சல், ஆறு நியான் டெட்ரா, பத்து ஜீப்ராவும் வாங்கி வந்திருக்கிறார்கள். ஏஞ்சல் மூன்றாம் நாளே இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. பத்து நாளுக்குள் நியான் எல்லாம் போச்சு. பயந்துபோய் தினமும் காலையில் தண்ணீர் முழுவதையும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மிஞ்சியவை மூன்று ஜீப்ரா. "குளிர்தான் காரணமா? ஹீட்டர் போடாமல் இங்கே எந்த மீன் தாங்கும்? பையன் ஓடையில் பிடித்து வந்த கோடு போட்ட சின்ன மீன் ஒன்று பாட்டிலில் இருக்கிறது. அதையும் இதே தொட்டியில் விடலாமா?" இவைதான் கேள்விகள்.

நான் இருப்பது குன்னூர் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் தொட்டி வைத்திருக்கிறேன், அதாவது இருபது வருஷமாக மீன்களைக் கொன்றும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

குளிர் ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. ஏஞ்சலும் நியானும் அமேசான் படுகையின் மீன்கள். ஏஞ்சலுக்கு 24 டிகிரிக்குக் கீழே போனால் வயிறு வேலை செய்யாது. நியான் 20 வரை தாங்கும். உங்கள் கூடத்தில் டிசம்பர் காலையில் தொட்டித் தண்ணீர் 14, 15 டிகிரி இருந்திருக்கும். அந்த இரண்டு இனத்துக்கும் அது நேரடி மரணம். (ஏஞ்சல் பெரிதானால் நியானை விழுங்கிவிடும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து விற்ற கடைக்காரர் அதைச் சொல்லியிருக்கலாம்.) ஜீப்ரா கதை வேறு. ஏழு ஜீப்ராவைக் கொன்றது பெரும்பாலும் குளிர் இல்லை, தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கெடுத்ததில்தான் குளிருக்குப் பங்கு இருக்கிறது.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் மணலிலும் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கூட்டம் போதுமான அளவுக்குப் பெருகச் சமவெளியில் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணீர் பத்து டிகிரி குறைந்தால் அவை வளரும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோயம்புத்தூரில் ஒரு மாதத்தில் தயாராகும் தொட்டிக்கு நம் மலையில் இரண்டரை, மூன்று மாதம் வேண்டும் என்பது இதனால்தான். நீங்கள் முதல் நாளே இருபது மீனை விட்டிருக்கிறீர்கள். அப்புறம் தினமும் தண்ணீரை முழுசாக மாற்றி, அநேகமாக ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவி, வந்து சேர்ந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவையும் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதோடு, ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த குழாயில் வரும் காலைத் தண்ணீர், கூடத்துத் தண்ணீரைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். அது ஒவ்வொரு நாளும் ஒரு அதிர்ச்சி.

இன்னொன்றும் உண்டு, அது மலைக்காரர்களுக்கே உரிய தொல்லை. நம் ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் மிக மென்மையானவை. கீழே இருப்பது எளிதில் கரையாத பாறை. சோப்பு நுரை போகவே போகாது, பாத்திரத்தில் உப்புப் படியாது. குடிக்கத் தேன் மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீரில், அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் இல்லை. தொட்டி பழசாக ஆக பிஎச் (தண்ணீரின் அமில அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) மெல்ல இறங்கும். 6-க்குப் பக்கத்தில் வந்ததும் பாக்டீரியா ஏறத்தாழ வேலைநிறுத்தம் செய்துவிடும். வேடிக்கை என்னவென்றால் அப்போது மீனுக்கு ஒன்றும் ஆகாது. பிஎச் 6-ல் இருக்கும் அம்மோனியாவில் விஷமான வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மற்றதெல்லாம் தீங்கு குறைந்த அம்மோனியம். அதே தண்ணீர் 25 டிகிரியில் பிஎச் 8-க்கு ஏறினால் விஷம் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போய்விடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மழைக்காலத்தில் மூன்று மாதம் சோம்பலாக இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து, மீன் தொட்டியில் பாதியை மாற்றினேன். சிமென்டின் சுண்ணாம்பு தண்ணீரில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பன்னிரண்டு ஜீப்ராவும் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் இரத்தச் சிவப்பு. சாயங்காலம் இரண்டு மிஞ்சியது. தண்ணீர் "சுத்தமாக" மாறிய அன்றைக்குத்தான் அவை செத்தன.

தீர்வு மலிவானது. ஒரு கைப்பிடி கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்க அது தேவையான அளவுக்குத்தான் கரையும். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

சரி, ஜீப்ராவுக்கு வருவோம். உங்கள் மூன்றும் பிழைத்தது அதிர்ஷ்டம் இல்லை.

மீன் கடையில் பத்து ரூபாய் மீன் என்று யாரும் மதிக்காத இந்த ஜீப்ரா, நம் நாட்டு மீன். முக்கியமாகக் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில் வயல் வாய்க்கால், மெதுவாக ஓடும் ஆழமில்லாத ஓடை, மழைக்குப் பிறகு தேங்கும் குட்டை, இவைதான் அதன் ஊர். அதன் அறிவியல் பெயரில் வரும் டேனியோ என்ற சொல்லே வங்காளத்தில் வயலைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதை முதலில் விவரித்துப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன், 1822-ல். புக்கானன் என்ற பெயரோடு இவர்தான் அதற்கு 22 வருஷம் முன்பு, 1800-ல், மைசூர், கோயம்புத்தூர், மலபார் வழியாகப் பயணம் செய்தவர். நம் மலையடிவாரத்தில் தணாயக்கன்கோட்டை வரை வந்திருக்கிறார். அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் நீருக்கு அடியில்.

அந்த ஓடைகளில் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி வரை இறங்குவதும் கோடையில் 38 வரை ஏறுவதும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான ஜீப்ராக்கள் அங்கே ஒரே வருஷத்தில் பிறந்து, முட்டையிட்டு, முடிந்துபோகும். மழை வந்து வயலோரப் புல் நீரில் மூழ்கும்போதுதான் அவற்றின் இனப்பெருக்கம். வெயில், வறட்சி, வெள்ளம், பனி எல்லாவற்றையும் ஒரே ஆயுளில் பார்க்கும் மீன் அது. ஆய்வுக்கூடங்களுக்கு அது பிடித்துப்போனதில் இந்த உறுதிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபியல் ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தார். 1981-ல் அவர் குழு ஜீப்ராவைக் குளோன் செய்தது. மரபணுத் தொகுப்பு முழுவதும் 2013-ல் வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதனிடம் ஒரு சொந்தக்கார மரபணுவாவது இருப்பது தெரிந்தது. இதயத்தின் ஒரு பகுதியை வெட்டினாலும் திரும்ப வளர்த்துக்கொள்ளும். நம் வீட்டுக் கூடத்தில் வெங்காய சாம்பார் வாசனையில் நீந்துவதும் இதே மீன்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 6 டிகிரி தாங்கும் என்றால், மெல்ல மெல்ல வாரக்கணக்கில் குளிர்ந்த மீன் தாங்கும் என்று அர்த்தம். நீங்கள் வாங்கிய ஜீப்ராவின் கதை வேறு. சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் 28, 30 டிகிரியில் பிறந்து வளர்ந்து, லாரியில் மேட்டுப்பாளையம் வந்து, அன்று மாலையே 14 டிகிரித் தண்ணீரில் விழுந்த மீன்கள் அவை. அதனால் குளிர்காலத்தில் மீன் வாங்கவே வாங்காதீர்கள். ஏப்ரல், மே மாதம் வாங்குங்கள். அப்போது நம் வீட்டுத் தண்ணீரே 21, 22 டிகிரி இருக்கும். நவம்பர் வருவதற்குள் மீன் தானாகப் பழகிவிடும்.

வாங்கி வரும்போது இன்னொரு சின்ன விஷயம். கடையில் ஆக்சிஜன் அடித்துக் கட்டித் தரும் பை, கொண்டை ஊசி வளைவு ஏற ஏற உப்பிக்கொண்டே வரும். சிப்ஸ் பாக்கெட் மாதிரியேதான். மேட்டுப்பாளையத்திலேயே விறைப்பாகக் கட்டியிருந்தால் கோத்தகிரி போய்ச் சேர்வதற்குள் ரப்பர் பேண்ட் தெறிக்கும். கொஞ்சம் தொளதொளவென்று கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம், வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

ஹீட்டர் வேண்டுமா? கோத்தகிரி, குன்னூரில், வீட்டுக்குள், ஜன்னலுக்குத் தள்ளி இருக்கும் தொட்டியில், பழகிய ஜீப்ரா ஹீட்டர் இல்லாமல் இருக்கும். 18-லிருந்து 24 வரை அதற்குச் சுகம். 15-க்குக் கீழே பிழைத்திருக்கும், அவ்வளவுதான்: இரை குறையும், நிறம் மங்கும், நோய் தாங்கும் சக்தி போகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழும் வாரங்களில் ஹீட்டர் இல்லாமல் ஜீப்ரா வைப்பது கொடுமை என்றே சொல்வேன். அங்கே ஹீட்டர் வேண்டாம் என்பவர்கள் சீனத்து மலை ஓடை மீனான வைட் கிளவுடைத் தேடுங்கள். 14 டிகிரியில் அது குஷியாக இருக்கும். கோல்டு ஃபிஷும் குளிர் தாங்கும்தான், ஆனால் 60 லிட்டரில் ஒரு கோல்டு ஃபிஷ் வைப்பதே நெருக்கடி.

நான் என்ன செய்கிறேன் என்றால், ஹீட்டரை வைத்துக்கொண்டு அதை 19-ல் நிறுத்திவைக்கிறேன். காரணம் கரண்ட். நம் பக்கம் மழையிலும் காற்றிலும் மரம் விழுந்தால் ஆறு மணி நேரம்கூடக் கரண்ட் இருக்காது. 26 டிகிரியில் வைத்த தொட்டி அதற்குள் மளமளவென்று இறங்கும், அடுத்த சில நாளில் மீன் உடம்பெல்லாம் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி நோய். 19-ல் வைத்தது இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும், மீன் கவனிக்கக்கூட மாட்டாது. 60 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் சரி. அது பாதி நேரம் எரிந்தால்கூட மாதம் 36 யூனிட். 19-ல் வைத்தால் அதில் பாதிகூட வராது, கோடையில் எரியவே எரியாது. தொட்டிக்கு அடியிலும் பின்னாலும் தெர்மாகோல் அட்டை ஒட்டுங்கள், மேலே மூடி போடுங்கள். ஜீப்ரா துள்ளி வெளியே விழுவதற்குப் பேர்போனது, மூடி அதற்கும் ஆகும்.

காற்றுக் குமிழி பற்றி ஒரு வார்த்தை. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் எண்பது சதவீதம்தான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜன் பிடிப்பதால் அந்தக் குறை நமக்குச் சரியாகிவிடுகிறது. 15 டிகிரியில் இருக்கும் நம் தொட்டியும் 27 டிகிரியில் இருக்கும் சென்னைத் தொட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான், லிட்டருக்கு 8 மில்லிகிராம். ஆனால் ஏஞ்சலுக்காக இங்கே தண்ணீரை 26-க்குச் சூடேற்றினால் அது ஆறரைக்குக் கீழே வந்துவிடும். ஆகவே ஹீட்டர் போடுகிறவர்கள் ஏர் பம்பை ராத்திரியில் நிறுத்தக் கூடாது, சத்தம் தூக்கத்தைக் கெடுத்தாலும்.

மிஞ்சியிருக்கும் மூன்றையும் இப்போது என்ன செய்வது? அவற்றை அப்படியே விடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். அந்தத் தண்ணீரை முந்தின நாளே பக்கெட்டில் பிடித்துத் தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள்: குளோரினும் போகும், சூடும் சமமாகும். ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், குழாயில் வேண்டாம். இரை ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு. ரொம்பக் குளிரான நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்தில் யாராவது ஆரோக்கியமான தொட்டி வைத்திருந்தால் அவர்களின் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள், இரண்டு மாதக் காத்திருப்பு மிச்சமாகும். மூன்று என்பது ஜீப்ராவுக்குச் சின்னக் கூட்டம். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். கோடையில் இன்னும் ஐந்தாறு சேர்த்தால் சண்டை பரவிப்போய் அடங்கும்.

கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பாருங்கள். விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில், வயிறு வெள்ளியாக உப்பிய பெண் மீனை, மஞ்சள் சாயல் ஏறிய மெலிந்த ஆண் மீன் இரண்டு மூன்று பக்கத்தில் உரசிக்கொண்டே ஓரத்துக்குத் தள்ளிப்போகும். ஒரு நொடி உடம்பு நடுங்கும். கண்ணாடி மணி மாதிரி முட்டைகள் புகைபோல உதிர்ந்து கீழே இறங்கும். ஒட்டாத முட்டை. அடுத்த நொடியே பெற்றவையே திரும்பி வந்து பொறுக்கித் தின்ன ஆரம்பிக்கும். தரையில் கோலிக்குண்டு பரப்பிவைத்தால் முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பிக்கும். 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும், நம் ஊர்த் தண்ணீரில் அதைவிட நாளாகும். என் மகளுக்கு ஏழு வயதில் லென்ஸ் வைத்துக் காட்டினேன். முட்டைக்குள் ஒரு துளி இதயம் துடிப்பதை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், பள்ளிக்கூட வேன் போய்விட்டது.

கடைசியாகப் பையனின் ஓடை மீன். பக்கவாட்டில் நீலப் பட்டையும் இடையில் மஞ்சள் கோடும் இருந்தால், அது ஜீப்ராவின் ஒன்றுவிட்ட சகோதரனான டெவாரியோ வகையாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் நம் மலையின் பெயரையே தாங்கிய ஒன்று உண்டு: டெவாரியோ நீல்கெரியென்சிஸ். மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே 1867-ல் விவரித்தது. உலகத்திலேயே இந்த மலையையும் அதைச் சுற்றியுள்ள ஆறுகளையும் விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் அபாயத்தில் இருக்கும் இனம். ஓடும் தண்ணீரில், நிறைய ஆக்சிஜனில் வாழ்ந்த மீன் 60 லிட்டர் கண்ணாடிக்குள் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து தொட்டியில் விடாதீர்கள். பாட்டிலில் வேறு மீனோ தொட்டித் தண்ணீரோ படவில்லை என்றால், இன்றைக்கே, பிடித்த அதே இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. வளர்க்க முடியவில்லை என்று கடை மீனை ஓடையில் விடுவது அதைவிட மோசம். நம் மலைத் தண்ணீர் ஏற்கனவே வந்தேறிகளால் நிறைந்திருக்கிறது. அவலாஞ்சி பக்கம் வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்குக் கொண்டுவந்த டிரவுட், 1939-ல் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய ஐரோப்பியக் கெண்டை, கொசு ஒழிக்க என்று விட்டு, கொசுப்புழுவோடு தவளைக் குஞ்சையும் தின்னும் கம்பூசியா. "ஜீப்ரா இந்திய மீன்தானே, விட்டால் என்ன" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கங்கைச் சமவெளி மீன் நம் சோலை ஓடைக்கு அந்நியம்தான். பிரேசிலில் பண்ணைகளிலிருந்து தப்பிய ஜீப்ரா, அதுவும் இருட்டில் சிவப்பாகவும் பச்சையாகவும் ஒளிரும்படி மரபணு மாற்றியவை, காட்டு ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகுவதை 2022-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொட்டியில் இருபது டிகிரியில் குஞ்சு பொரிக்கும் மீனுக்கு நம் அடிவார ஓடை ஒன்றும் கஷ்டமில்லை. மீன் அதிகமானால் கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லை எனக்குச் சொல்லுங்கள், குன்னூர் வரும்போது ஒரு மூடி போட்ட டப்பாவில் கொண்டு வாருங்கள்.

பையனுக்கு ஆசை விடாது என்றால் பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறிய நேரம் அவனை ஓடைப் பாலத்துக்குக் கூட்டிப்போய், நிழல் தண்ணீரில் விழாமல் குப்புறப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளிந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பட்டை மீன் கூட்டம் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பது தெரியும். கையில் இரண்டு பொரி இருந்தால் மேலேயே வரும்.